முந்நூறு வெள்ளி அனுப்ப எதற்கு இத்தனை கேள்வி?

ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூர் தேக்காவில் ஊருக்குக் காசு அனுப்பும் கடை எதிலாவது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். யாராவது ஒருவர் கண்ணாடித் தடுப்புப் பக்கம் குனிந்து கேட்பார். “முந்நூறு வெள்ளி அனுப்ப எதுக்குக்கா இத்தனை கேள்வி? யாருக்கு, என்ன உறவு, எதுக்குக் காசு… போன மாசமும் இதே ஆளுக்குத்தானே அனுப்புனேன்?” அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி அஞ்சடி நடைபாதை வரைக்கும் நிற்கும். உள்ளே இருக்கும் பெண் “ரூல்ஸ்ணே” என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வாள். வேறு என்ன செய்வாள், பாவம். நானும் பல வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது எனக்கு வேலை மாடியில். அனுப்புகிறவர் பெயரையும் வாங்குகிறவர் பெயரையும் தடைப் பட்டியல்களோடு (பயங்கரவாதத் தொடர்பால் பணம் போகக் கூடாது என்று அறிவிக்கப்பட்டவர்களின் பெயர்கள்) ஒப்பிட்டுப் பார்த்து, “விடலாம்” அல்லது “நிறுத்து” என்று சொல்கிற வேலை. வரிசையில் நிற்கும்போது கிடைக்காத பதிலை இங்கே சாவகாசமாக எழுதுகிறேன்.

எதற்காக இந்தப் பட்டியல் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1999 அக்டோபரில் ஐநா பாதுகாப்பு மன்றம் 1267ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. உசாமா பின்லாடனை ஒப்படைக்கச் சொல்லி, அதுவரை தாலிபானின் பணத்தை முடக்கச் சொன்ன தீர்மானம். பின்னர் அல்-காயிதாவும் அதோடு தொடர்புள்ளவர்களும் அதில் சேர்ந்தார்கள்; 2015இல் ஐஎஸ் அமைப்பும் சேர்ந்தது. ஆனால் உலகம் முழுக்க வங்கிகளையும் எங்களைப் போன்ற கடைகளையும் இதற்குள் இழுத்துவந்தது 2001 செப்டம்பர். 11ஆம் தேதி தாக்குதல். 23ஆம் தேதி அமெரிக்க அதிபர் புஷ், பயங்கரவாதத் தொடர்புள்ளவர்களின் சொத்தை முடக்கும் 13224 என்ற ஆணையில் கையெழுத்துப் போட்டார். 28ஆம் தேதி ஐநா 1373ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது: பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுப்பதை ஒவ்வொரு நாடும் குற்றமாக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் சொத்தைத் தாமதமில்லாமல் முடக்க வேண்டும். ‘தாமதமில்லாமல்’ என்றால் ஒரு நாளுக்குள். கறுப்புப் பணத்தையும் பயங்கரவாத நிதியையும் தடுக்க விதி வகுக்கும், பாரிஸில் இருக்கும் எஃப்ஏடிஎஃப் அமைப்பு எல்லா நாடுகளையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிடுகிறது.

சிங்கப்பூருக்கு இது எங்கேயோ நடந்த கதை இல்லை. அதே 2001 டிசம்பரில் இங்கே, அல்-காயிதாவோடு தொடர்புள்ள ஜெமா இஸ்லாமியா என்ற அமைப்பின் ஆட்கள் கைதானார்கள். யீஷூன் எம்ஆர்டி நிலையத்தை அவர்கள் வேவு பார்த்துப் படம் பிடித்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. நாம் தினம் ஏறி இறங்குகிற நிலையம். அடுத்த வருடமே பயங்கரவாதத்துக்கு நிதியளிப்பதைத் தடுக்கும் சட்டம் இங்கே நிறைவேறி, 2003இல் நடைமுறைக்கு வந்தது. ஐநா பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் சிங்கப்பூரில் தனியாக உத்தரவு எதுவும் தேவையில்லை. அந்தப் பெயர் இங்கேயும் தடைசெய்யப்பட்டதுதான். அந்த ஆளுக்குப் பணமோ பொருளோ சேவையோ கொடுத்தால், கொடுத்தது தனி மனிதராக இருந்தால், 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், 10 வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இது வங்கிக்கு மட்டும் போட்ட சட்டம் இல்லை. சிங்கப்பூரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் பொருந்தும். இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு.

சரி, முந்நூறு வெள்ளிக்கு வருவோம். “பெரிய பணத்தைப் பிடிங்க, எங்களை ஏன் பிடிக்கிறீங்க?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இந்தக் குற்றத்தில் பெரிய பணம் தேவைப்படுவதே இல்லை. செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டு நடத்தி முடிக்க 4 முதல் 5 லட்சம் அமெரிக்க டாலர்தான் ஆயிற்று என்று அங்கே அமைத்த விசாரணை ஆணையம் எழுதியது. நம்ம ஊரில் ஒரு நாலறை அடுக்குமாடி வீட்டின் விலை அது. தெருவில் ஒரு குண்டு வைக்க அதில் நூறில் ஒரு பங்கு வேண்டாம்.

சிங்கப்பூரில் நடந்த வழக்குகளைப் பாருங்கள். 2016இல் பங்களாதேஷ் ஊழியர்கள் ஆறு பேர் மீது குற்றம் சாட்டினார்கள். இந்தச் சட்டத்தின்கீழ் வந்த முதல் வழக்குகள் அவை. ஊருக்குத் திரும்பிப் போய்த் தாக்குதல் நடத்த ஆயுதம் வாங்குவதற்காக ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்தார்கள். ஒருவர் போட்ட தொகை 60 வெள்ளி, இன்னொருவர் 500 வெள்ளி என்கிற கணக்குத்தான். தலைவனாக இருந்தவருக்கு 60 மாதச் சிறை. 2020இல் சிங்கப்பூரர் ஒருவருக்கு 33 மாதம் கிடைத்தது. அவர் செய்தது, 2014இல் ஐஎஸ் பிரசாரத்துக்கு உதவியாகத் துருக்கியில் இருந்த ஓர் ஆளுக்கு 450 வெள்ளி அனுப்பியது. எங்களுடையதைப் போன்ற ஒரு கவுன்டரில் படிவம் எழுதிக் கொடுத்து அனுப்பிய பணம். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் படிவம் என் கைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். 450 வெள்ளி, சிங்கப்பூர் அடையாள அட்டை, ஒரு தனி மனிதருக்கு அனுப்புகிறார். வெறும் பெயரை மட்டும் பார்த்திருந்தால் அது சாதாரணப் படிவம்தான். “துருக்கியில உங்களுக்கு யார் இருக்காங்க? எதுக்கு அனுப்புறீங்க?” என்ற கேள்விக்குத்தான் அங்கே ஏதாவது வேலை இருந்திருக்கும்.

அதனால்தான் கேட்கிறோம். இந்தக் கேள்விகள் சரியானவை என்று நான் நம்புகிறேன். வேலைக்காக நம்புவதாக நடிக்கவில்லை.

ஆனால் இதன் சுமை எல்லார் தோளிலும் சமமாக ஏறுவதில்லை. அதையும் எழுதாமல் விட முடியாது.

சமீபத்தில் ஒருவர் வந்தார். தொண்டிப் பக்கத்து ஊர்க்காரர், துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை. மச்சான் கணக்குக்கு 1,200 வெள்ளி அனுப்ப வேண்டும். ஊரில் வீடு கட்டுகிறார்கள், திங்கட்கிழமை தளம் போட ஆள் வருகிறது. படிவத்தைத் தட்டியதும் திரையில் சிவப்புக் கோடு. அவர் பெயரில் ஒன்றுமில்லை. இடித்தது மச்சான் பெயர். எங்கள் பேச்சில் ‘ஹிட்’.

மாடியில் என் திரையில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். இடதுபக்கம் நம்ம ஆள்: பெயர், வங்கிக் கணக்கு எண், ஊர். வலதுபக்கம் பட்டியலில் இருப்பவர். ஐநா பட்டியலில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. கீழே பெயர் நான்கு துண்டாகப் பிரிந்து நிற்கும். அதன் கீழே புனைபெயர்கள், ‘நம்பத்தக்கவை’, ‘அவ்வளவாக நம்பமுடியாதவை’ என்று இரண்டு வகையாக. இரண்டாவது வகையில் வெறும் பட்டப்பெயர்கூட இருக்கும், ‘இன்னாருடைய தகப்பன்’ என்கிற மாதிரி. பிறந்த தேதி இருந்தால் அதிர்ஷ்டம். தாலிபான் பட்டியலில் பல பேருக்கு ‘ஏறத்தாழ 1968’, ‘1963க்கும் 1968க்கும் இடையில்’ என்றுதான் போட்டிருக்கும். மென்பொருளுக்கு முகமது என்று எழுதினாலும் மொஹம்மட் என்று எழுதினாலும் ஒன்றுதான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டே எவனும் தப்பித்துவிடுவான். ஆக, முகமது, அப்துல், ரஹ்மான், இஸ்மாயில் என்று நம் கடலோர ஊர்களில் தெருவுக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் எங்கேயோ ஒரு ஏமன்காரரோடும் ஒரு ஆப்கானியரோடும் போய் ஒட்டிக்கொள்கின்றன.

அனுப்புகிறவராக இருந்தால் தீர்ப்பது சுலபம். வொர்க் பெர்மிட் அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கும். பிறந்த வருடம் பத்து வருடம் தள்ளி இருக்கிறது, பிறந்த நாடு வேறு, ஆள் வேறு என்று எழுதி விட்டுவிடலாம். பணம் வாங்குகிற மச்சானைப் பற்றி எங்களிடம் என்ன இருக்கிறது? பெயரும் கணக்கு எண்ணும். பிறந்த தேதி படிவத்தில் இல்லை. அது இல்லாமல் “இவர் அவர் இல்லை” என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது.

“மச்சானோட ஆதார் போட்டோ அனுப்பச் சொல்லுங்கண்ணே” என்றேன். நான் கீழே இறங்கிப் போய்த்தான் சொன்னேன்; கவுன்டர்ப் பெண் சின்னப் பிள்ளை, அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவர் ஃபோன் போட்டார். மச்சான் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அக்கா, எங்க பேருன்னாலதானே?”

ஆமாம். அவர்கள் பெயரால்தான். சட்டத்தில் மதம் இல்லை, பட்டியலில் இருப்பது குறிப்பிட்ட ஆட்கள்தான், இதெல்லாம் உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் எல்லார் முன்னாலும் ஓரமாக நிற்க வைக்கப்படுகிறவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே மாதிரிப் பெயர்க்காரர்கள்தான். இதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சரி செய்ய மனது வரும்.

(மச்சான் அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். படம் வந்தது. பட்டியலில் இருந்தவரைவிட முப்பது வயது இளையவர். பணம் அன்றைக்கே போய்விட்டது.)

இது இஸ்லாமியப் பெயர்க்காரர்கள் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். இலங்கை அரசு 2014இல் இதே 1373ஆம் தீர்மானத்தைக் காட்டித்தான் புலம்பெயர்ந்த தமிழ் அமைப்புகளையும் 400க்கு மேற்பட்ட தனி ஆட்களையும் பட்டியல் போட்டது. 2015இல் ஒரு பகுதியை எடுத்தார்கள், 2021இல் சில அமைப்புகளைத் திரும்பச் சேர்த்தார்கள், 2022இல் மறுபடியும் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிற பணம் இங்கே தாண்டினாலும் அங்கே வங்கியில் நிற்கலாம். அந்தப் பட்டியலில் இருந்த பெயர்களை வாசித்துப் பாருங்கள். உங்கள் சித்தப்பா பெயர் இருக்கும்.

பட்டியல் தப்பாகவும் போகும் என்பதற்குப் பெரிய சாட்சிகள் உண்டு. எனக்கு மிகவும் உறைத்தது அல்-பரக்காத் கதை. நம்ம கடை மாதிரிதான் அதுவும். சோமாலியாவில் வங்கியே இல்லாத காலத்தில், வெளிநாடு போன சோமாலியர்கள் வீட்டுக்குக் காசு அனுப்பிய நிறுவனம். 2001 நவம்பர் 7ஆம் தேதி அமெரிக்கா அதைப் பட்டியலில் போட்டது. ஒரே நாளில் கதவுகள் மூடின. அந்த வாரம் அனுப்பிய காசு எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேராமல் நின்றிருக்கும்! 9/11 ஆணையத்தின் அலுவலர்கள் பிற்பாடு இதை அலசி, அந்த நிறுவனம் பயங்கரவாதிகளுக்குப் பணம் கொடுத்ததாகச் சொன்னதை நிரூபிக்க முடியவில்லை என்று எழுதினார்கள். அதோடு சேர்த்துச் சுவீடன் குடியுரிமை பெற்ற மூன்று சோமாலியர்களையும் பட்டியலில் போட்டிருந்தார்கள். சம்பளம் எடுக்க முடியாது, வாடகை கட்ட முடியாது. அடுத்த ஆகஸ்டில் இரண்டு பேரை எடுத்தார்கள். மூன்றாமவர் இன்னும் சில வருடம் காத்திருந்தார்.

இன்னொருவர் யாசின் காதி, சவூதி வணிகர். 2001இல் பெயர் ஏறியது. எந்த ஆதாரத்தை வைத்து என்று கேட்டு ஐரோப்பிய நீதிமன்றம் போனார். 2008இல் அந்த நீதிமன்றம், ஐநா சொன்னது என்பதற்காகவே ஒரு மனிதனிடம் காரணம் சொல்லாமல், அவன் பேச்சைக் கேட்காமல் அவன் சொத்தை முடக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பட்டியலையே கொஞ்சம் திருத்தியது. 2009 டிசம்பரில் ஐநா, பெயர் நீக்கக் கேட்பவர்களின் மனுவை ஆராய ஒரு தனி நடுவரை நியமிக்க முடிவெடுத்தது. காதியின் பெயர் 2012இல் நீங்கியது. அதற்கு முன்பே, 2002இல், முடக்கிய பணத்திலிருந்து சாப்பாடு, வாடகை, மருந்து, வக்கீல் செலவுக்கு எடுக்க அனுமதி கேட்கலாம் என்று ஒரு வழியும் வந்திருந்தது. முடக்குவது என்பது பறிமுதல் இல்லை. பணம் அவருடையதாகவே இருக்கும், தொட முடியாது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் எழுதிவிடலாம். பத்து வருடம் தொட முடியாமல் இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

இவ்வளவையும் ஏன் கவுன்டரில் விளக்குவதில்லை? நேரம் ஒரு காரணம். இன்னொன்று சட்டம். உண்மையிலேயே சந்தேகம் வந்து, போலிசின் வர்த்தக விவகாரத் துறைக்கு அறிக்கை அனுப்பினால், அதைப் பற்றி அந்த ஆளிடம் மூச்சு விடக்கூடாது. விட்டால் அது தனிக் குற்றம். அது நியாயம்தான், எச்சரித்துவிட்டால் தப்பித்துவிடுவான். ஆனால் இந்தப் பயத்தில் எங்கள் ஆட்கள், வெறும் பெயர் ஒற்றுமையில் நிற்கிறவரிடமும் வாயே திறப்பதில்லை. “சிஸ்டம் ஸ்லோ”, “லைன் இல்லை” என்று எதையாவது சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. “உங்க பேர் மாதிரி இன்னொருத்தர் பேர் லிஸ்ட்ல இருக்கு, அது நீங்க இல்லைன்னு காட்டப் பிறந்த தேதி வேணும்” என்று சொல்வதில் எந்த விதியும் உடைந்துவிடாது. தொண்டிக்காரரிடம் அதைத்தான் சொன்னேன். கோபம் பாதி இறங்கிவிட்டது.

கடைசியாக நன்கொடை. இது எனக்கு ரொம்பக் கவலை தருகிற விஷயம். வெள்ளம், புயல், போர் என்று எங்கேயாவது வந்தால் உடனே வாட்ஸ்அப்பில் ஒரு படம், ஒரு கணக்கு எண், “ஆளுக்கு 50 வெள்ளி போடுங்க”. நம் ஆட்களுக்கு மனது இளகிவிடும். இளகட்டும், அது நல்ல மனது. ஆனால் 2004 சுனாமியை நினைத்துப் பாருங்கள். உலகம் முழுக்கத் தமிழர்கள் அள்ளிக் கொடுத்தார்கள், அதில் நிறையப் பேர் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். 2007 நவம்பரில் அமெரிக்கா அந்தக் கழகத்தை, புலிகளுக்குப் பணம் திரட்டியதாகச் சொல்லி அதே 13224 ஆணையின்கீழ் முடக்கியது. அந்தக் குற்றச்சாட்டைப் பற்றி நமக்குள் ஆயிரம் வாதம் இருக்கும். அதற்குள் நான் போகவில்லை. கூரை போட்டுக் கொடுக்கக் காசு கொடுத்தவர், தன் காசு கடைசியில் எங்கே போனது என்று காட்ட முடியாத நிலைக்கு வந்தார். கொடுக்கும்போதே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் வெளிநாட்டுக்கு என்று பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் டார்மிட்டரியில் டப்பா வைத்தாலும் சரி, டெலிகிராமில் இணைப்பு போட்டாலும் சரி, தப்புதான். “அனுமதி எண் என்ன?” என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவருக்குக் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர் வீடு இடிந்தால் அவருக்கே நேராக அனுப்புங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். நண்பருக்காக, நண்பரின் நண்பருக்காக உங்கள் அட்டையில் காசு அனுப்பித் தராதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் திருப்தி வராது. நாளைக்கு விசாரணை வந்தால் படிவத்தில் இருப்பது உங்கள் பெயர்.

எங்கள் முதலாளியிடம் மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன். பணம் வாங்குகிறவரின் பிறந்த தேதியை முதல் தடவையே, ஆள் வரிசையில் நிற்காத நேரத்தில் வாங்கிவைக்க வேண்டும். ஒரு தடவை “அவர் இல்லை” என்று முடிவானால் அதைப் பதிந்துவைத்து, பட்டியலோ அவர் விவரமோ மாறினால் ஒழிய, மாதாமாதம் அதே ஆளை அதே காரணத்துக்காக நிறுத்தக் கூடாது. கவுன்டருக்கு வெளியே, என்ன கேட்போம், ஏன் கேட்போம் என்று தமிழிலும் வங்காளத்திலும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். முதல் இரண்டுக்கும் மென்பொருளில் மாற்றம் வேண்டுமாம், செலவு கேட்டிருக்கிறார்கள். தாளுக்குச் சரி சொல்லிவிட்டார். தமிழில் நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். வங்காளத்துக்கு, எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு பங்களாதேஷ் தம்பி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு கடைகளில் இந்த வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள், அந்தத் தாளை அப்படியே அனுப்பித் தருகிறேன்.